ஒரே நாளில் இரண்டு நீதிமன்றங்கள்: கிறிஸ்டீன் கீலரின் சாட்சி

1963 ஜூலை 30. லண்டன் நகரின் இரண்டு நீதிமன்றங்களில் ஒரே பெண்ணின் வாக்கு எடைபோடப்பட்டது.

ஓல்டு பெய்லியில் ஸ்டீபன் வார்டு என்ற மருத்துவர் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தார். பெண்களின் பாலியல் தொழில் வருமானத்தில் வாழ்ந்தார் என்பது அவர் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சி கிறிஸ்டீன் கீலர். வயது 21. இரவு விடுதி ஒன்றில் மேடையேறி ஆடியவர். அதே நாளில், அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், லக்கி கார்டன் என்ற ஜமைக்கா நாட்டுக் கறுப்பினப் பாடகரின் மூன்றாண்டு சிறைத்தண்டனையை ரத்து செய்தது. கார்டனைச் சிறைக்கு அனுப்பியதும் அதே கீலரின் சாட்சிதான். அந்தச் சாட்சியை ஐயமின்றி நம்ப முடியாது என்பதால்தான் தண்டனை ரத்தானது.

ஓரிடத்தில் நிற்காத வாக்கு, அடுத்த தெருவில் எப்படி நின்றது? இந்தக் கேள்வியோடு கீலரின் கதையைப் படிக்க வேண்டும் தோழர்களே. பிரிட்டன் இதை இன்றுவரை 'புரொஃபூமோ விவகாரம்' என்று ஓர் அமைச்சரின் பெயரால் அழைக்கிறது. படங்களும் நாடகங்களும் இதை அழகி, உளவாளி, அமைச்சர் என்று கிளுகிளுப்பாகச் சொல்லிப் பழகிவிட்டன. யாருடைய சொல் எப்போது சாட்சியாகிறது, எப்போது வெறும் பேச்சாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் குறைவு.

ரயில் பெட்டியில் வளர்ந்த பெண்

கீலர் 1942இல் லண்டனுக்கு மேற்கே அக்ஸ்பிரிட்ஜில் பிறந்தார். தந்தை குடும்பத்தை விட்டுப் போனார். தாயும் மாற்றாந்தந்தையும் ரேஸ்பரி என்ற ஊரில், கழித்துவிடப்பட்ட ரயில் பெட்டிகளை வீடாக மாற்றிக் குடியிருந்தார்கள். அங்கேதான் அவர் வளர்ந்தார். 15 வயதில் பள்ளிப்படிப்பு முடிந்துபோனது. 17 வயதில் ஒரு குழந்தை பிறந்தது. தகப்பன் பிரிட்டனில் இருந்த அமெரிக்கப் படைவீரர். குழந்தை ஆறு நாளில் இறந்துவிட்டது.

அதன் பிறகு அவர் லண்டனுக்குப் போனார். துணிக்கடை வேலை, உணவு விடுதி வேலை என்று மாறி, தோழி ஒருவர் மூலம் சோஹோ பகுதியில் இருந்த முர்ரேஸ் கேபரே கிளப்பில் சேர்ந்தார். அது உறுப்பினர்கள் மட்டுமே நுழையக்கூடிய இடம். பிரபுக்கள், தொழிலதிபர்கள், வெளிநாட்டுச் செல்வந்தர்கள் வந்துபோவார்கள். மார்பை மறைக்காத மேடை உடையில் நடந்து வருவதும், ஆட்டம் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளர்களின் மேசையில் உட்கார்ந்து மது வாங்க வைப்பதும் பெண்களின் வேலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். 1959இல் 17 வயது ஏழைப் பெண்ணுக்கு அந்த விடுதி 'ஒழுக்கக்கேடு' அல்ல, கூலி. உழைப்புச் சந்தையில் அவரிடம் விற்பதற்கு என்ன இருந்தது, யார் வாங்கத் தயாராக இருந்தார்கள் என்ற கேள்வியை அந்த ஆண்டுகளின் பத்திரிகைகள் கேட்கவே இல்லை. விடுதிக்கு வந்த ஆண்களுக்குப் பட்டம், பதவி, குடும்பப் பெயர் எல்லாம் அப்படியே இருந்தன. அவர்களுக்கு ஆடிக் காட்டிய பெண்களுக்கு மட்டும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர் நினைவில் வார்டு

ஸ்டீபன் வார்டைக் கீலர் சந்தித்தது இந்த விடுதியில்தான். வார்டு 1912இல் பிறந்தவர். கீலரைவிட 30 வயது மூத்தவர். பாதிரியாரின் மகன். எலும்பையும் மூட்டையும் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி சிகிச்சையை அமெரிக்காவில் கற்றவர். வின்ஸ்டன் சர்ச்சில் உள்ளிட்ட பெரிய மனிதர்கள் அவருடைய கைக்குத் தங்கள் முதுகைக் கொடுத்தவர்கள். நன்றாக ஓவியம் வரைவார். அரச குடும்பத்தினர்கூட அவருக்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டார்கள்.

கீலர் தம் வாழ்நாளில் பலமுறை வார்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். 1963இல் பத்திரிகைக்கு, பிறகு காவல்துறைக்கு, நீதிமன்றத்துக்கு, 1980களிலும் 2001இலும் வெளிவந்த நூல்களில். விவரங்கள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாத சில செய்திகளும் உண்டு. வார்டு தம்மை விடாமல் தேடி வந்தார். பேச்சால் கட்டிப்போடக் கூடியவர். விம்போல் மியூஸ் என்ற தெருவில் இருந்த அவருடைய வீட்டில் தாம் குடியேறினார். அவர்களுக்குள் உடலுறவு இருந்ததில்லை. அண்ணன் தங்கை போல இருந்தோம் என்று அவர் சொல்லிவந்தார்.

வார்டைப் புனிதராக்கத் தேவையில்லை. இளம் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உடையையும் நடையையும் பேச்சையும் மாற்றி, மேல்தட்டு விருந்துகளில் அறிமுகம் செய்வதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அது அவருக்கும் அந்த வட்டத்தில் இடம் வாங்கிக்கொடுத்தது. பிரபுக்களின் வீட்டு வாசலில் தமக்கிருந்த செல்வாக்கை இந்த அறிமுகங்களால் அவர் காப்பாற்றிக்கொண்டார் என்று சொல்வது தவறாகாது. 17 வயதுப் பெண்ணுக்கும் 47 வயது மனிதருக்கும் இடையிலான இந்த உறவில் யார் கையில் பலம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் நீதிமன்றத்தில் அவர் மீது வந்த குற்றச்சாட்டு இதுவல்ல. பெண்களை விற்றுப் பிழைத்தார் என்பதே அது.

கிளைவ்டன் மாளிகையின் நீச்சல் குளம்

ஆஸ்டர் பிரபுவுக்கு கிளைவ்டன் என்ற பெரும் மாளிகை இருந்தது. அந்த வளாகத்தில் ஒரு சிறு வீட்டைப் பெயரளவு வாடகைக்கு வார்டுக்குக் கொடுத்திருந்தார். 1961 ஜூலை 8 அன்று இரவு, வார்டின் விருந்தினராக வந்த கீலர் மாளிகையின் நீச்சல் குளத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது, பிரபுவின் விருந்தினர்கள் அங்கே வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் புரொஃபூமோ. அன்றைய கன்சர்வேட்டிவ் அரசின் போர்த்துறை அமைச்சர். வயது 46. மனைவி உடன் இருந்தார்.

அமைச்சருக்கும் கீலருக்கும் குறுகிய கால உறவு ஏற்பட்டது. அதே வார இறுதியில் அங்கே சோவியத் தூதரகத்தின் கடற்படை அதிகாரி யெவ்கெனி இவானோவும் இருந்தார். அவர் வார்டின் நண்பர். இவானோவைத் தங்கள் பக்கம் இழுக்க முடியுமா என்று பார்க்க, பிரிட்டன் உளவுத்துறையான எம்.ஐ.5 ஏற்கெனவே வார்டோடு தொடர்பில் இருந்தது. வார்டும் தகவல் கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமைச்சரவைச் செயலாளர் புரொஃபூமோவை அழைத்து, வார்டின் வட்டத்தில் எச்சரிக்கையாக இருக்கும்படி சொன்னார். அதாவது, வார்டு யார், அவரைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது அரசுக்கு 1961லேயே தெரியும். அப்போது அவர் குற்றவாளி அல்ல, பயன்படும் ஆள்.

இன்னொரு லண்டன்

கிளைவ்டன் கதையோடு பெரும்பாலான படங்கள் நின்றுவிடும். நாம் நாட்டிங் ஹில்லுக்கும் போக வேண்டும்.

1958இல் வெள்ளையர் கும்பல்கள் மேற்கிந்தியக் குடியேறிகளைத் தாக்கிய கலவரம் நடந்த பகுதி அது. கறுப்பர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று வெளிப்படையாக எழுதி வைத்த காலம். அந்த மறுப்பில் பணம் பார்த்தவர் பீட்டர் ராக்மன் என்ற வீட்டு உரிமையாளர். பழைய குடியிருப்பாளர்களை விரட்டிவிட்டு, வேறெங்கும் இடம் கிடைக்காத மேற்கிந்தியர்களை நெருக்கி அடைத்து அதிக வாடகை வாங்கினார். கீலருக்கும் அவருடைய தோழி மேண்டி ரைஸ் டேவிசுக்கும் ராக்மன் பழக்கம். அதனாலேயே அவர் பெயர் 1963இல் வெளியே வந்தது. அப்போது அவர் இறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. குடியிருப்பவரைச் சுரண்டும் வீட்டுமுதலாளித்தனத்துக்கு 'ராக்மனிசம்' என்ற சொல்லே ஆங்கில அகராதியில் ஏறியது. பல்லாயிரம் கறுப்பினக் குடித்தனக்காரர்கள் பட்ட பாடு, ஒரு வெள்ளையின அமைச்சரின் படுக்கையறைச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தபோதுதான் பத்திரிகைகளுக்குச் செய்தியானது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டிங் ஹில்லின் ஒரு கஃபேயில் 1961இல் கீலர் லக்கி கார்டனைச் சந்தித்தார். அந்த உறவு வன்முறையில் முடிந்தது. கார்டன் தம்மை அடித்தார், அடைத்து வைத்தார் என்று கீலர் கடைசிவரை சொன்னார். அதை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கார்டனிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள, ஆன்டிகுவா நாட்டிலிருந்து வந்த ஜானி எட்ஜ்கோம்ப் என்பவரோடு கீலர் சேர்ந்தார். 1962 அக்டோபரில் சோஹோவின் ஒரு விடுதியில் எட்ஜ்கோம்ப் கார்டனின் முகத்தைக் கத்தியால் கிழித்தார். டிசம்பரில், தம்மை விட்டுப் போன கீலரைத் தேடி வார்டின் வீட்டுக்கு வந்து துப்பாக்கியால் சுட்டார். யாருக்கும் காயமில்லை.

அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது. 1963 மார்ச்சில் எட்ஜ்கோம்ப் வழக்கு விசாரணைக்கு வந்தபோது கீலர் ஸ்பெயினில் இருந்தார்; சாட்சி சொல்ல வரவில்லை. கார்டனைக் காயப்படுத்தியது, கீலரைக் கொல்ல முயன்றது ஆகிய குற்றச்சாட்டுகளிலிருந்து எட்ஜ்கோம்ப் விடுவிக்கப்பட்டார். உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நோக்கத்தோடு துப்பாக்கி வைத்திருந்தார் என்ற ஒன்றுக்கு மட்டும் தண்டனை கிடைத்தது: 7 ஆண்டுகள்.

முதலில் ஆள், பிறகு குற்றம்

மார்ச் 22 அன்று புரொஃபூமோ காமன்ஸ் சபையில் எழுந்து நின்று, கீலரோடு தமக்குத் தகாத உறவு எதுவும் இல்லை என்று அறிவித்தார். அது பொய். வெளிநாட்டுப் பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குப் போட்டு இழப்பீடும் வாங்கினார்.

மார்ச் 27 அன்று உள்துறை அமைச்சர் ஹென்றி புரூக், எம்.ஐ.5 தலைவரையும் லண்டன் காவல் ஆணையரையும் அழைத்துப் பேசினார். அதற்குச் சில நாட்களில் வார்டு மீது காவல்துறை விசாரணை தொடங்கியது. பொதுவாக ஒரு குற்றம் நடக்கும், புகார் வரும், செய்தவரைத் தேடுவார்கள். இங்கே யாரும் புகார் கொடுக்கவில்லை. ஆள் முதலில் முடிவாகிவிட்டது. அவருக்குப் பொருந்தும் குற்றத்தைத் தேடினார்கள். வார்டின் நண்பர்கள், நோயாளிகள், பழகியவர்கள் என்று ஏறத்தாழ 140 பேரிடம் விசாரித்தார்கள். அவர் வீட்டு வாசலிலும் மருத்துவமனை வாசலிலும் காவலர்கள் நின்றார்கள். நோயாளிகள் வருவது நின்றது. கீலரைத் திரும்பத் திரும்ப அழைத்து வாக்குமூலம் வாங்கினார்கள்.

வேறு வழியில்லாமல் வார்டு, அமைச்சர் சபையில் சொன்னது உண்மையல்ல என்று பிரதமரின் அலுவலகத்துக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் தெரிவித்தார். ஜூன் 5 அன்று புரொஃபூமோ பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். ஜூன் 8 அன்று வார்டு கைது செய்யப்பட்டார். இப்படித்தான் பிரபுக்களின் மருத்துவர் மூன்றே மாதத்தில் நாடறிந்த 'கெட்டவர்' ஆனார். அவர் செய்த எதுவும் அந்த மூன்று மாதத்தில் புதிதாக நடந்ததல்ல. அவரைப் பார்த்தவர்களின் தேவை மாறியது.

கூண்டுக்கு வெளியே நின்றவர்கள்

வழக்கு ஜூலை 22 அன்று தொடங்கியது. அரசு வழக்கறிஞர் மெர்வின் கிரிஃபித் ஜோன்ஸ். 1960இல் 'லேடி சாட்டர்லியின் காதலன்' நாவல் மீதான ஆபாச வழக்கில், உங்கள் மனைவியோ வேலைக்காரரோ படிக்க வேண்டும் என்று விரும்புகிற புத்தகமா இது என்று ஜூரிகளைப் பார்த்துக் கேட்டவர் இவர்தான். அந்த ஒரு கேள்வியிலேயே இவர் எந்த வர்க்கத்தின் கண்ணால் உலகைப் பார்த்தார் என்பது தெரியும்.

கீலர் கூண்டேறினார். வார்டின் வீட்டில் இருந்தபோது கையில் பணம் வந்தால் கொஞ்சம் கொடுப்பேன், ஆனால் நான் அவருக்குக் கொடுத்ததைவிட அவரிடமிருந்து பெற்றதே அதிகம் என்றார். தாயாருக்காக என்று புரொஃபூமோ 20 பவுண்டு கொடுத்ததையும் சொன்னார். வேறொரு தொழிலதிபர், தாம் கீலருக்குப் பணம் கொடுத்து உறவு கொண்டதாகச் சாட்சி சொன்னார். ஆனால் 'வருமானத்தில் வாழ்தல்' என்ற குற்றத்துக்குத் தேவையான அடிப்படை, பணம் அந்தப் பெண்ணிடமிருந்து வார்டுக்குப் போய் அவர் அதில் பிழைத்தார் என்பது. வார்டுக்கு மருத்துவத்திலும் ஓவியத்திலும் போதுமான வருமானம் இருந்தது. கீலரின் சாட்சியை முழுமையாக எடுத்துக்கொண்டால் அது வார்டைக் காப்பாற்றும் சாட்சி.

யாரும் அதை முழுமையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'உடலுறவு', 'பணம்', 'வார்டின் வீடு' என்ற மூன்றை மட்டும் அதிலிருந்து உருவி எடுத்துக்கொண்டார்கள். வார்டுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட இன்னொரு பெண், காவல்துறைக்குத் தாம் கொடுத்த வாக்குமூலம் பொய், மிரட்டலால் சொன்னது என்று நீதிமன்றத்திலேயே மாற்றிச் சொன்னார். அதனாலும் எதுவும் மாறவில்லை.

வராதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆஸ்டர் பிரபு வார்டுக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. வார்டிடம் தகவல் வாங்கிய எம்.ஐ.5, அவர் எங்களுக்கு உதவியவர் என்று வாய் திறக்கவில்லை. அவருடைய விருந்துகளில் உட்கார்ந்த பெரிய மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். புரொஃபூமோ சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையில் தங்கள் அந்தரங்கத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது இளம் பெண்களுக்குத்தான்.

இந்த இடத்தில்தான் ஜூலை 30 வருகிறது. கார்டன் வழக்கில் கீலர் சொன்னது என்ன? ஏப்ரல் 18 அன்று தோழியின் வீட்டு வாசலில் கார்டன் தம்மைத் தாக்கினார். அங்கே வேறு ஆண்கள் யாரும் இல்லை. இருவர் இருந்தார்கள், அவர்களைச் சாட்சியாக அழையுங்கள் என்று கார்டன் கேட்டார். தமக்காகத் தாமே வாதாடினார். அவர்கள் அழைத்துவரப்படவில்லை. கார்டனுக்கு மூன்றாண்டு. பின்னர் அந்த இருவரின் வாக்குமூலங்களும், கீலர் பேசிய ஒலிநாடாப் பதிவும் மேல்முறையீட்டு மன்றத்துக்கு வந்தன; தண்டனை ரத்தானது. அந்த ஆதாரங்களை ஓல்டு பெய்லி ஜூரிகள் பார்க்கவில்லை. மேல்முறையீட்டு மன்றம் கீலரைப் பொய்யர் என்று சொல்லவில்லை என்றுதான் அவர்களுக்கு விளக்கப்பட்டது.

நீதிபதி ஜூரிகளுக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லத் தொடங்கிய அன்றிரவு வார்டு அளவுக்கு மீறித் தூக்க மாத்திரைகளை விழுங்கினார். ஜூலை 31 அன்று அவர் நினைவின்றிக் கிடக்கும்போதே, கீலர், ரைஸ் டேவிஸ் தொடர்பான இரண்டு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 3 அன்று இறந்துபோனார்.

யாருக்கு என்ன கிடைத்தது

கணக்குப் பார்ப்போம். எட்ஜ்கோம்புக்கு 7 ஆண்டுத் தண்டனை. கார்டனுக்கு, செய்ததாக நிரூபிக்கப்படாத ஒன்றுக்காகச் சில வாரச் சிறை. வார்டுக்கு மரணம். கீலருக்கு, கார்டன் வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதற்காக 1963 டிசம்பரில் 9 மாதச் சிறை. ஹாலோவே சிறைக்கு அனுப்பப்பட்டார்.

நாடாளுமன்றத்தில் பொய் சொன்ன புரொஃபூமோவுக்குச் சிறை இல்லை. கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கான டாயின்பீ ஹால் என்ற சேவை நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தார். 1975இல் அரசி கையால் விருது பெற்றார். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் திருந்தி வாழ்ந்ததாகப் பெயர் எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கீலருக்குக் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு கிடைத்த வேலைகளைச் செய்தார். பள்ளி ஒன்றில் உணவு பரிமாறும் வேலையில் இருந்தபோது, தாம் யார் என்று தெரிந்ததும் வேலை போனதாகச் சொல்லியிருக்கிறார். 2017இல் 75 வயதில் இறந்தபோதும் பத்திரிகைகள் வெளியிட்டது, 21 வயதில் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தபடி எடுக்கப்பட்ட அதே படத்தைத்தான்.

அரசு நியமித்த டென்னிங் பிரபுவின் அறிக்கை 1963 செப்டம்பரில் வந்தது. நள்ளிரவில் வரிசையில் நின்று மக்கள் வாங்கினார்கள். இறந்துபோய்ப் பதில் சொல்ல முடியாத வார்டின் தலையில் பெரும்பழியை அது வைத்தது.

மாறிய நினைவை என்ன செய்வது

இனி கடினமான பகுதி. கீலரின் நினைவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. முதலில் வார்டு அன்பான, விசித்திரமான நண்பர். 2001 நூலில் அவர் சோவியத் உளவு வலையின் தலைவர், எம்.ஐ.5 தலைவரே அவர் வீட்டுக்கு வந்துபோனார் என்கிறார். வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. 'பொய்க்காரி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது.

சமூகவியலர் ஹோவர்ட் பெக்கர் 1967இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'நம்பகத்தன்மையின் படிநிலை' என்ற கருத்தை முன்வைத்தார். எந்த அமைப்பிலும் மேலே இருப்பவர்களுக்கே நிலைமையை விளக்கும் உரிமை உண்டு என்று சமூகம் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. கீழே இருப்பவர் சொல்வது குறைபட்டதாக, சந்தேகத்துக்குரியதாகத் தோன்றுகிறது. படிநிலை என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்ச் 22 அன்று அமைச்சரின் சொல் சபையில் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. நடனப் பெண்ணின் சொல்லுக்கு அப்படி ஒரு நாள்கூட வாய்க்கவில்லை.

கீலரின் நினைவு எந்தச் சூழலில் உருவானது என்று பாருங்கள். முதலில் பணம் கொடுத்த பத்திரிகைக்குப் பரபரப்பு வேண்டும். அடுத்து, காவல்துறைக்குக் குற்றம் வேண்டும். பிறகு வழக்கறிஞருக்குத் தண்டனை வேண்டும். பதிப்பாளருக்குப் புதுச் செய்தி வேண்டும். பழைய கதைக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். 20 வயதில் தொடங்கி 60 வயதுவரை, கேட்பவரின் தேவைக்கு ஏற்பச் சொன்னால்தான் சாப்பாடு என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, உன் நினைவு ஏன் ஒரே மாதிரி இல்லை என்று கேட்பதில் என்ன நியாயம்?

அதற்காக அவர் சொன்னதெல்லாம் உண்மை என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் 18 இரவைப் பற்றிய அவருடைய பொய் ஒரு கறுப்பினத்தவரின் உடலைச் சிறையில் தள்ளியது. வெள்ளையினப் பெண் கைகாட்டினால் கறுப்பின ஆணை நம்ப வேண்டியதில்லை என்று தயாராக இருந்த ஒரு நீதிமன்றத்தில் அந்தப் பொய் சொல்லப்பட்டது. வர்க்கத்தால் நசுக்கப்பட்டவர் இன்னொரு படியில் நின்று நிறத்தின் பலனைப் பெற்றார். அவர் கார்டனிடம் பட்ட துன்பமும் உண்மையாக இருக்கலாம். அன்றிரவு பற்றிச் சொன்னது பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ளப் பழக வேண்டும்.

இந்தச் சிந்தனை லண்டனோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சி 1872இல் நமக்குக் கொடுத்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்த பெண் 'பொதுவாக ஒழுக்கம் கெட்டவர்' என்று காட்டி அவர் சாட்சியைச் சிதைக்க அனுமதித்தது. அந்த உட்பிரிவை நீக்க 2002இன் திருத்தச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்திலிருந்து போனது, காவல் நிலையத்திலிருந்தும் குறுக்கு விசாரணையிலிருந்தும் போய்விட்டதா என்பதைக் களத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாக்குமூலம் எழுதப் போகும் இளம் தோழர்களுக்கு இதிலிருந்து சில நடைமுறைச் செய்திகள். சொல்பவர் யார் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்று கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், அப்போது சொன்னவருக்கு என்ன நெருக்கடி என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் முறை சொன்னது முதலில் சொன்னதோடு பொருந்தாவிட்டால் ஒன்றை அழித்துவிடாதீர்கள்; தேதியோடு இரண்டையும் வையுங்கள். எல்லா முறையும் மாறாமல் வருவது எது என்று தேடுங்கள். கீலரின் பேச்சில் வார்டு தம் காசில் வாழவில்லை என்பது அப்படி மாறாமல் வந்தது. அதைத்தான் நீதிமன்றம் கேட்கவில்லை. வராத சாட்சிகளின் பட்டியலையும் எழுதுங்கள். பல வழக்குகளில் உண்மை அந்தப் பட்டியலில்தான் இருக்கும். நம் பக்கத்து ஆள் சொல்வதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதையும் மறக்காதீர்கள். அதைச் சரிபார்க்காமல் விட்டால், விலை கொடுப்பவர் நம்மைவிடக் கீழே நிற்கும் இன்னொருவராக இருப்பார்.

வார்டு வழக்கை மீண்டும் மேல்முறையீட்டு மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று, ஜெஃப்ரி ராபர்ட்சன் என்ற வழக்கறிஞர் 2013இல் ஒரு நூலே எழுதினார். அநீதித் தீர்ப்புகளை ஆராயும் பிரிட்டனின் ஆணையம் அதைப் பரிசீலித்து, 2017இல் அனுப்ப மறுத்துவிட்டது. காரணங்களில் ஒன்று, நீதிபதி ஜூரிகளுக்கு வழக்கைத் தொகுத்துச் சொன்ன உரையின் எழுத்துப்படி கிடைக்கவில்லை என்பது. நடன விடுதிப் பெண் ஒருவரின் நினைவு தடுமாறியதை அரை நூற்றாண்டு கேலி செய்த நாட்டில், நீதிபதி பேசியதன் பதிவு தொலைந்துபோயிருக்கிறது. அதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.